நோன்பில்லாத வாரத்தில் நோன்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த ஸ்மில்யா அத்தைக்கு,

விதோசாவா வணக்கத்துடன் எழுதுவது. அப்பா நலம், மாடுகள் நலம், மலையில் பனி உருகிவிட்டது. நோவி சாத் நகரில் நீங்களும் மாமாவும் நலம்தானே? இங்கே என் வயிற்றைத் தவிர எல்லாம் நலம். அந்த வயிற்றால்தான் இந்தக் கடிதம்.

பெல்கிரேடில் படித்த கடைசி வருடம் ஒரு டாக்டர், பாலில் இருக்கும் சர்க்கரை எனக்குச் செரிக்காது என்றார். பால், புதுச் சீஸ், கைமாக் எதுவும் ஆகாதாம். நாள்பட்ட கெட்டிச் சீஸ் மட்டும் கொஞ்சம் பரவாயில்லையாம். வேறு யாராவது என்றால் வீட்டில் சொல்லிவிடலாம். இந்த ஸ்லாட்டிபோர் மலையில் கைமாக் செய்து விற்பவரின் மகள் எப்படிச் சொல்வது? மாலையில் அப்பா காய்ச்சிய பாலை அகலமான மரத்தட்டுகளில் ஊற்றுவார். ஆவி எழுந்து ஜன்னல்களை மூடும். அந்த வெண்மைக்குள் உட்கார்ந்திருந்தால் வீடே மேகத்தில் மிதந்துபோவது போலிருக்கும். விடிந்ததும் தட்டுகளில் ஆடை படிந்திருக்கும். தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவது போல அப்பா அதை எடுத்து, உப்புத் தூவிக் கைமாக்காக அடுக்குவார். சந்தையில் வருகிறவர்களுக்கெல்லாம் கத்தி முனையில் ருசி காட்டுவார். தான் மட்டும் ரொட்டியும் வெங்காயமும் தின்பார். அந்தக் கைமாக்தான் என்னை நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆக்கியது. எனக்காக வாயைக் கட்டியவரிடம் போய், உங்கள் கைமாக் எனக்கு ஆகாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய நோன்பு என்னைக் காப்பாற்றியது. பாலும் முட்டையும் இறைச்சியும் சேராத பண்டத்துக்கெல்லாம் கடைக்காரர்கள் ‘நோன்புக்கு உகந்தது’ என்று சீட்டு ஒட்டி வைத்துவிடுவார்களே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒட்டாத பண்டத்தில்தான் பால் ஒளிந்திருக்கிறது அத்தை. பிஸ்கட்டில் இருக்கிறது, மெத்து ரொட்டியில் இருக்கிறது, உருளை வறுவலில் தூவும் பொடியில்கூட இருக்கிறது. நான் அவரைக் குழம்பும், சுட்ட மிளகாய்த் துவையலும், வால்நட் ரொட்டியும் தின்று, வயிறு இருப்பதே தெரியாமல் கனவில் நடப்பது போல நடந்தேன்.

ஈஸ்டர் வந்தது, கனவு கலைந்தது. மற்ற வாரங்களில் இருக்கும் புதன், வெள்ளி நோன்புகூட அதற்கு அடுத்த வாரம் கிடையாதே, எனக்கு அது ஞாபகமே இல்லை. புதன்கிழமை பேக்கரிக்குப் போய், வழக்கம்போல மெதுவாக, “ஓப்ராத் அண்ணா, நோன்புக்கு ஏதாவது இருக்கா?” என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது.

“என்ன தங்கச்சி, இந்த வாரம் பிஷப்பே சீஸ் பை சாப்பிடுறாரு. உனக்கு மட்டும் என்ன நோன்பு?”

வரிசையில் எனக்குப் பின்னால் பாதிரியார் நின்றார். அவர் முன்னால் வயிற்றுப்போக்கைப் பற்றியா பேசுவது? “எனக்கு இதுதான் நிம்மதியா இருக்கு,” என்று தரையிடம் சொன்னேன். ஓப்ராத் அண்ணன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பை ஒன்றைக் கையில் திணித்து, “மடத்துக்குப் போனதும் எங்களுக்காகவும் வேண்டிக்கோம்மா,” என்றார்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு யாக்லிகா அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டி, “இவ்ளோ படிச்சிட்டு கன்னியாஸ்திரியா போறியாமே! காதல் தோல்வியாடி?” என்றார். காதலே இல்லை அத்தை, தோல்விக்கு நான் எங்கே போவேன்? அன்று பால் பொங்கி வழிந்தது, அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “அடுத்த ஞாயித்துக்கிழமை நானே மடத்துல கொண்டுபோய் விடுறேன் கண்ணு. வெறுங்கையோட போக வேணாம், ஒரு தொட்டி கைமாக் எடுத்து வச்சிருக்கேன்,” என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் அவருடைய அக்கா. உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்து, நான் எங்கும் போகவில்லை, பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று, அவர் மனம் நோகாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். வருடாவருடம் நீங்கள் அனுப்பும் பால் கேக்குக்கு நன்றி. அப்பா எனக்கு ஒரு துண்டுகூட வைப்பதில்லை. கடவுள் உங்கள் வீட்டை நிறைவாக வைத்திருக்கட்டும்.

உங்கள் விதா

பின்குறிப்பு: அத்தை, போன் செய்ய வேண்டாம். தபால்தலை கேட்டபோது அப்பா, “மடத்துக்கா எழுதுற?” என்றார். “இல்லப்பா, எனக்குப் பால் ஒத்துக்கல,” என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வயிறு உருளுமா?”

“உருளும்ப்பா.”

“மத்தளம் மாதிரி உப்பிக்குமா?”

“ஆமாப்பா.”

“எனக்கும்தான்,” என்றார்.

எனக்காக வாயைக் கட்டவே இல்லையாம். கட்டாவிட்டால் சந்தையில் நிற்க முடியாதாம். உங்கள் கேக்கை நம் நாய்தான் தின்கிறதாம். “அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத,” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆகவே இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. இருவரும் சேர்ந்து பேக்கரிக்குப் போய், தலை நிமிர்ந்து, “ரெண்டு உருளைக்கிழங்கு பை, நோன்புக்கு,” என்றோம். ஓப்ராத் அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து கேட்டார்:

“நீங்களுமாண்ணே? அப்போ மாடுங்களை யாருக்குக் குடுக்கப் போறீங்க?”