சேலையூர்ச் சுப்பராயலு கண்ணாடி டம்ளர் பிரித்த படலம்

வாழ்க சுப்பராயலு! கேம்ப் ரோட்டின் காவலன், சிமெண்டு மூட்டையைச் சிறுவிரலால் நகர்த்தும் செம்மல், முப்போகம் விளைந்த தந்தையின் கழனியைக் கட்டம் கட்டமாய்க் கூறு போட்டு, நடுவில் ஒரு பூங்காவுக்கு இடம் விட்டதாகச் சொல்லிக்கொண்டு அதையும் விற்றுத் தீர்த்த பெருவள்ளல், சேலையூர் ஏரிக்கரையில் முட்டிக்கொண்ட இரு காளைகளைக் கொம்பைப் பிடித்துப் பிரித்தவன் என்று இளமையிலேயே பெயர் வாங்கியவன், அத்தகைய சுப்பராயலு எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தன் வீட்டுச் சமையலறையில், ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய இரு கண்ணாடி டம்ளர்களோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கேட்போர் காபி குடித்துவிட்டு வந்து உட்காரலாம்.

பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்குவது மரபு. ஆனால் இவ்வில்லத்துப் பிள்ளையாரோ, தலையாட்டிப் பொம்மைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவே ஷோகேஸுக்குள் சிறையிருக்கிறார். ஆகையால் அந்த ஷோகேஸையே வணங்குவோம். ஹாலின் வடசுவர் முழுதும் விரிந்தவளே, சன்மைக்கா மேனியாளே, பூட்டும் சாவியும் பூண்டவளே, பயன்படும் பொருளையெல்லாம் பார்க்கும் பொருளாக்கும் மாயக்காரியே, உன் தூசு தட்டிப் பணிந்தோம்!

அந்த ஷோகேஸின் நடுத்தட்டில் அரசு வீற்றிருந்தன ஆறு கண்ணாடி டம்ளர்கள். துபாய் நாட்டு வெயிலோடு போராடி ஏசி மெஷின்களைப் பழுது பார்க்கும் தம்பி, சுப்பராயலுவின் மனைவியான தன் அக்காள் கனகவல்லிக்கென்று சட்டைகளுக்கு நடுவே சுற்றி, மடிமேல் வைத்து, விமானமேற்றிக் கொண்டுவந்தவை. தேன் நிறம், அடி சிறுத்து வாய் விரிந்த ஒய்யாரம், உடலெங்கும் தேன்கூடு போல் கட்டங்கள், தடித்து உருண்ட விளிம்பு. அவற்றைக் கண்டவர் கண்ணெடுக்கமாட்டார். கனகவல்லி கைவைக்கவும் விடமாட்டாள். தண்ணீர் குடிப்பதற்கென்று பிறந்தும் மூன்றாண்டுக் காலம் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாமல் வாழ்ந்த பாவப்பட்ட பாத்திரங்கள் அவை. சேலையூரில் அழகான பொருளுக்கெல்லாம் இதே கதிதான்.

அவற்றை வெளியே எடுக்க நேர்ந்த காரணம் ஒரு சபதம். அந்தச் சபதத்துக்குக் காரணம் எவர்சில்வர்.

தென்சென்னைப் புறநகர் மாந்தரின் மாண்பு ஒன்று உண்டு. எவர்சில்வர் வாங்கினால், கடையிலேயே அதன் மேல் பெயர் வெட்டிக்கொள்ளாமல் வீடு திரும்பமாட்டார்கள். இன்னார் மனைவி இன்னாள், இந்த ஊர் என்று கல்வெட்டுப் போல் பொறித்துவிடுவார்கள். பிறகு காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று எந்த விசேஷம் வந்தாலும் அந்தப் பாத்திரங்களைச் சொந்தபந்தங்களுக்குக் கூடை கூடையாய்க் கொடுத்து உதவுவார்கள். விசேஷம் முடிந்து, எல்லார் பாத்திரமும் ஒரே அண்டாவில் கிடக்கும்போது, பன்னிரண்டு கொடுத்தவர் பன்னிரண்டு எண்ணி எடுத்துக்கொண்டு வருவார். எண்ணிக்கை சரியாய் இருந்தால் போதும். அவ்வளவு செலவழித்து வெட்டிய பெயரை ஒருவரும் படிக்கமாட்டார். இப்படியாக இருபது வருடத்தில், கனகவல்லியின் அலமாரியில் ஊரார் பெயரெல்லாம் குடியேறி, கனகவல்லியின் பெயர் மட்டும் எந்தெந்த ஊரிலோ பிழைக்கப் போய்விட்டது.

இந்த உண்மை சென்ற பங்குனியில் வெடித்தது. மகள் தனத்தைப் பெண் பார்க்க வந்த மேடவாக்கத்து அம்மையார், காபியைக் குடித்து முடித்துவிட்டு, தட்டில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாய் எடுத்து, அவற்றில் வெட்டியிருந்த பெயர்களைச் சபை நடுவே உரக்கப் படித்தார். பம்மல் சரோஜா. அனகாபுத்தூர் முனியம்மா. சிட்லபாக்கம் ஞானசௌந்தரி. படித்துவிட்டு, "இதுல உங்க பேரு எதும்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சம்பந்தம் அதோடு போயிற்று. ஊரான் டம்ளரில் காபி கொடுக்கும் வீடு என்ற பேச்சு மட்டும் பள்ளிக்கரணை வரை பரவியது. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் தேறிய தனம், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே வலித்தது. இதில் மட்டும் நமக்குக் கேலி இல்லை.

அன்றிரவு கனகவல்லி ஹாலின் நடுவே நின்று, டியூப்லைட் சாட்சியாக முழங்கினாள்: "இனிமே பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி இந்த வூட்டு எவர்சில்வர் டம்ளர் வந்துச்சுன்னா, என் பேரு கனகவல்லி இல்ல."

இப்போது குன்றத்தூரிலிருந்து வருகிறார்கள். அரிசி மண்டி தசரதன், அவர் மனைவி அங்காளம்மாள், மாப்பிள்ளைப் பையன், பையனின் அக்காள், அக்காள் புருஷன், தரகர் சவுரிமுத்து. ஆக ஆறு பேர். ஆறு கண்ணாடி டம்ளர். கடவுளே கணக்குப் போட்டு அனுப்பியது போல் இருந்தது. பையனின் போட்டோவைத் தனம் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த இடம் தவறக்கூடாதென்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் நம் தலைவன் உதவி செய்ய வந்தான். வீட்டில் ஆண்கள் உதவி செய்ய வரும் நாள்களில்தான் வரலாறு திசை மாறுகிறது. கனகவல்லி கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை, துடைத்து எடுத்து வைக்கிறேன் பேர்வழி என்று சுப்பராயலு ஏற்றுக்கொண்டான். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக எவர்சில்வர் டம்ளரையே கண்ட கை அது. எவர்சில்வரை எப்படி அடுக்குவோம்? ஒன்றுக்குள் ஒன்று. அவ்வழக்கப்படியே, ஈரம் காயாத ஒரு கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடியை இறக்கி, வாகாய் உட்காரட்டும் என்று உள்ளங்கையால் ஒரு தட்டும் தட்டினான். அது உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

நான்கு டம்ளர் போதாதா என்று கேட்கும் பேதையரும் உளர். அவர்களுக்குக் கனகவல்லி அப்போதே விடை பகர்ந்துவிட்டாள். நாலு பேருக்குக் கண்ணாடி என்றால் மீதி இரண்டு பேருக்கு எவர்சில்வர். அந்த இரண்டு பேர் யார்? எவர்சில்வர் வாங்கிக்கொண்டவர் ஏழு தலைமுறைக்கு அதை மறப்பாரா? மாப்பிள்ளையின் அக்காள் புருஷனுக்கு எவர்சில்வர் கொடுத்த வீட்டில் எவனாவது சம்பந்தம் செய்வானா? சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டினான்.

தொடங்கியது போர். ஒரு கையில் மேல் டம்ளர், மறு கையில் கீழ் டம்ளர், காளைக் கொம்பைப் பற்றிய அதே பிடி; புருவம் நெரிய, பற்கள் கடிபட, கழுத்து நரம்புகள் கயிறாய்ப் புடைக்க, மேசைமேல் முழங்கை ஊன்றி அவன் இழுத்த இழுப்பில் அவனுடைய கைக்கடிகாரம்தான் அறுந்து பறந்தது. கண்ணாடி இம்மியும் அசையவில்லை. ஃபாரின் சாமானாயிற்றே, கௌரவம் பார்க்கும் அல்லவா!

அடுத்து எண்ணெய்க் கணை தொடுத்தான். இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் வார்த்து மறுபடி இழுக்க, டம்ளரிணை ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல், அவன் கையை விட்டு மட்டும் பிரிந்து, விண்ணிலெழுந்து, கனகவல்லி விரித்த முந்தானையில் வந்து விழுந்தது. சபதம் செய்தவள் முந்தானையும் சமயத்தில் விரிந்ததை வாழ்த்துவோம். அப்போது அவள் கணவனைப் பார்த்த பார்வையை மட்டும் பாடாமல் விடுவோம்.

மூன்றாம் கட்டத்தில் பக்கத்து வீட்டு ஏசுபாதம் வரவழைக்கப்பட்டார். மறைமலை நகர்த் தொழிற்சாலையொன்றில் சூப்பர்வைசர். சீருடைச் சட்டையின் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவர். சூரியன் எழுவது கூடத் தம் ஷிப்டில்தான் என்ற தோரணை கொண்டவர். டம்ளரிணையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பு, "ஒண்ணும் இல்ல அண்ணா, சூடு பண்ணா எந்தப் பொருளும் விரியும். உள்ள கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க, தானா வந்துடும்" என்று தீர்ப்பளித்தார்.

ஊற்றினார்கள். அறிவியல் பொய்க்கவில்லை. உள்ளே இருந்த டம்ளர் சொன்னபடியே விரிந்தது. விரிந்து, வெளியே இருந்ததை முன்னிலும் பன்மடங்கு ஆரத் தழுவிக்கொண்டது. விரிய வேண்டியது வெளி டம்ளர், சுருங்க வேண்டியது உள் டம்ளர் என்னும் மீதிப் பாதி அறிவியல், ஏசுபாதத்துக்கு ஒரு காபி குடித்த பிறகே நினைவுக்கு வந்தது. சுருங்கவைக்க ஐஸ் வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்ததோ ஒரே ஒரு தட்டு ஐஸ்; அது லெமன் ஜூஸுக்கென்று காலையிலேயே நேர்ந்துவிடப்பட்டது. ஜூஸுக்கு ஐஸ் போட்டால் டம்ளர் இல்லை, டம்ளரைப் பிரித்தால் ஜூஸுக்கு ஐஸ் இல்லை. இத்தகைய தர்மசங்கடம் எந்த அரசனுக்கும் வந்ததில்லை.

"எம் பொண்ணு வாழ்க்கைய விட ஐஸா பெருசு? கொட்டுங்க" என்றாள் கனகவல்லி.

உள்ளே ஐஸ் நிறைந்தது. வெளியே வெந்நீர் சூழ்ந்தது. அதே கணம் தெருமுனையில் அம்பாசிடர் கார் ஒன்று மாட்டைக் கண்டு ஹாரன் அடித்தது. குன்றத்தூர்ப் படை வந்துவிட்டது! கார்க் கதவு சாத்தும் ஓசை ஒன்று, இரண்டு, மூன்று எனப் போர்முரசாய் அதிர, குலதெய்வத்தை நினைத்து, குடும்ப மானத்தை நினைத்து, மேடவாக்கத்து அம்மையாரையும் ஒருமுறை நினைத்து, சுப்பராயலு கடைசியாக இழுத்தான். 'ப்ளக்' என்றொரு சத்தம். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று, கீறலில்லை, விரிசலில்லை! இழுத்த வேகத்தில் பின்னால் போன அவன் முழங்கை இடித்து, அலமாரி மேலிருந்த பழைய பிளாஸ்டிக் பூச்சாடி சரிய, வீரன் தலைமேல் பூமாரி பொழிந்தது. ஏசுபாதம் இது தம்முடைய வெற்றி என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்.

ஆறு டம்ளரும் தேன் நிறத்தில் ஒளிர, ஐஸில்லாத ஜூஸ் நிரம்பி, தட்டேறி, தனத்தின் கையில் சபை புகுந்தன. தரகர் சவுரிமுத்து விலை விசாரித்தார். மாப்பிள்ளையின் அக்காள் டம்ளரைத் தூக்கி அடியில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்தாள். சுவரோரம் நின்ற கனகவல்லி, மகுடம் சூடிய மகாராணியாய் நிமிர்ந்து நின்றாள்.

அங்காளம்மாள் டம்ளரை எடுத்தார். எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கும் குலம் அவருடையது. பிறந்தது முதல் எந்தப் பாத்திரத்தின் விளிம்பும் அவர் உதட்டைக் கண்டதில்லை. அண்ணாந்தார். சாய்த்தார். எவர்சில்வராய் இருந்தால் அதன் மெல்லிய விளிம்பு ஜூஸைக் கோடு போல் இறக்கியிருக்கும். தடித்து உருண்ட ஃபாரின் விளிம்புக்கு அந்த வித்தை தெரியாது. ஜூஸ் கண்ணாடியின் வெளிப்புறமாகவே வழிந்து, கையில் இறங்கி, முழங்கையில் சொட்டி, அரக்கு நிறப் பட்டுப் புடவையில் பாதியும் கழுத்துச் சங்கிலியில் மீதியுமாய்ப் பாய்ந்தது.

டம்ளரைக் கீழே வைத்தார் அங்காளம்மாள். "பாக்க நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு இதுல குடிச்சுப் பழக்கமில்ல. ஒரு எவர்சில்வர் டம்ளர் குடும்மா" என்றார்.

சபதம் ஒரு பக்கம், சம்பந்தியம்மாளின் தாகம் ஒரு பக்கம். கனகவல்லி சமையலறைக்குள் போனாள். பெயரில்லாத டம்ளர் ஒன்று கிடைக்காதா என்று அலமாரியைத் துழாவினாள், கிடைக்கவில்லை. நசுங்காததாய், பெயர் தேய்ந்ததாய்க் கண்ணுக்குப் பட்ட ஒன்றை எடுத்து, ஜூஸை ஊற்றி, முந்தானையால் துடைத்து, கொண்டுவந்து கொடுத்தாள். அங்காளம்மாள் அண்ணாந்து ஒரே மூச்சில், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். குடித்து இறக்கியவர், டம்ளரைத் திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார். கண்ணுக்கருகே கொண்டுபோனார்.

"த. அங்காளம்மாள், குன்றத்தூர்" என்று படித்தார். "இது என் டம்ளரு. பல்லாவரம் கல்யாணத்துல காணாமப் போனது."

சுப்பராயலு சுவரைப் பார்த்தான். ஏசுபாதம் செருப்பைத் தேடினார். கனகவல்லிக்குப் பங்குனி திரும்பி வந்து கண்ணை மறைத்தது.

அப்போது, தலை குனிந்து நிற்க வேண்டிய தனம், தலை நிமிர்ந்து, "காணாமப் போகல அத்தை. இங்க பத்திரமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அங்காளம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். மகனைப் பார்த்தார், அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். பிறகு கணவரிடம், "பொண்ணு புடிச்சிருக்கு, நாள் பாக்கச் சொல்லுங்க" என்றார். கனகவல்லியிடம் திரும்பி, "டம்ளர நான் எடுத்துக்கினு போறேன்" என்றார்.

கனகவல்லி ஒரு மஞ்சள் பை கொடுத்தாள்.