பன்னிரண்டு படமும் ஒரு அழிரப்பரும்

நேத்திக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. தாராவியில ஒரு பிரஸ்லேர்ந்து பன்னிரண்டு படத்தை எடுத்துண்டு, சாயங்காலம் நாலு மணிக்குள்ள செம்பூர்ல ஒரு ஹால்ல சேர்க்கணும்.

படம் என் மச்சினன் ரவியோடது. நல்ல பேங்க் வேலையை விட்டுட்டு மூணு வருஷமா ஓவியன்! இதான் முதல் எக்ஸிபிஷன். "இன்னிக்குத்தான் ஜனங்க என் பேரைப் பார்க்கப் போறா அத்திம்பேர், ஜாக்கிரதை"ன்னு காலையிலேர்ந்து நாலு போன்.

பேரை மட்டும் பார்த்தா தேவலை. படத்துல ஒரு சிவப்புப் பட்டை, ஒரு நீலப் பட்டை, நடுவுல சாம்பார் கொட்டின மாதிரி ஒரு கறை. "அருவ ஓவியம்"ங்கறான். உருப்படியா வரையத் தெரியாதுன்னு சொல்ல இப்படியும் ஒரு வார்த்தை.

தாராவியில பிரிண்டர் பால்ராஜ் அண்ணாச்சி அட்டைக்குள்ள வச்சுக் கட்டிக் குடுத்தார். ஸ்வீட் பாக்ஸ், ஸ்கூல் பேக்னு ஸ்கிரீன் பிரிண்டிங்லயே ஊறினவர்.

"ஏழு கலரு சார். ஒவ்வொரு தாளையும் ஏழு தடவ வச்சு இழுத்திருக்கேன். ஒரு நூலு தள்ளினாலும் போச்சு, பாத்துக்கிடுங்க."

"ரவி என்ன பண்ணினான்?"

"அவிய பக்கத்துல நின்னு, 'இன்னும் கொஞ்சம் சோகமான நீலம் வேணும்'னாவ. நான் கொஞ்சம் கருப்பச் சேத்தேன். சரின்னுட்டாவ."

மாட்டுங்காவில வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகலாம்னு இறங்கினேன். சாப்பிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். கட்டைப் பிரிச்சேன்.

ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் பென்சில் கிறுக்கல்! ஒரு ஓரத்துல 1/12, 2/12னு நம்பர். இன்னொரு ஓரத்துல பல்லி ஓடின மாதிரி ஒரு கோடு. நடுவுல மட்டும், அச்சடிச்ச அண்ணாச்சி பால்பாயிண்ட் பேனாவுல தெளிவாப் போட்ட "சு. பால்ராஜ்".

நான் முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவன். பென்சில்னா டிராஃப்ட். மேலே அனுப்பறதுக்கு முன்னாடி அழிச்சாகணும். பேனான்னா ஃபைனல், தொடக்கூடாது.

கீழே கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கிண்டு வந்து, ஒரு மணி நேரம் உக்காந்து பன்னிரண்டையும் அழிச்சேன். தூசியை ஊதினேன். என்னை நானே மெச்சிண்டேன், கேக்கறேளா!

செம்பூர்ல ரவி கட்டைப் பிரிச்சான். ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்திம்பேர், என் கையெழுத்து எங்கே?"

"எந்தக் கையெழுத்து?"

"அடியில! பென்சில்ல போட்டிருந்தேனே!"

"கையெழுத்தை யாராவது பென்சில்ல போடுவாளாடா?"

"பிரிண்ட்டுக்கு உலகம் பூரா அப்படித்தான் போடுவா!"

உலகம் பூரா இப்படி அசடா இருக்கும்னு எனக்கு யார் சொன்னா?

ரவி பென்சிலை எடுத்தான். ஹால் நடத்தற அம்மா பாய்ஞ்சு தடுத்தா. "மிடாகே ஃபிர் சைன்? நக்லி லகேகா!" அழிச்ச இடத்துல மறுபடி போட்டா, போலின்னு நினைச்சு யாரும் தொடமாட்டாளாம். அப்படியே மாட்டியாச்சு.

அஞ்சு மணிக்குக் கூட்டம் வந்தது. தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கற கூட்டம். "யார் இந்த பால்ராஜ்? அந்த நீலம் இருக்கே, அப்பப்பா!"

"நான்தான் ஆர்ட்டிஸ்ட்"னான் ரவி.

"ஓ, நீங்க அவரோட அசிஸ்டென்ட்டா?"ன்னார் ஒரு கண்ணாடிக்காரர்.

அந்த அம்மா போன் போட்டு அண்ணாச்சியை வரவழைச்சா. வந்தவர் ரவியைக் காட்டி, "படம் சாரோடது. நான் இழுத்தேன், அவ்வளவுதான்"னார் ஹிந்தியில.

"என்ன ஒரு அடக்கம்!"

"இதைப் பண்ணும்போது உங்க மனசுல என்ன இருந்தது?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா.

அண்ணாச்சி யோசிச்சார். "மழ பெய்ஞ்சிட்டு இருந்துச்சு. கலரு காயுமா காயாதான்னு ஒரே பயம்."

எல்லாரும் கை தட்டினா. ரவி மட்டும் தட்டலை. மெதுவா என் பக்கத்துல வந்து நின்னான்.

"அத்திம்பேர், பேனா இருக்கா?"