வாசலில் குடியேறிய வாத்து

வாத்து நகர்வதாக இல்லை. மார்செல்லா கெய்ன்ஸ் கெஞ்சிப் பார்த்தாள், குடையை ஆட்டிப் பார்த்தாள், தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து எறிந்தும் பார்த்தாள். பள்ளிக்கூட முகப்பிலிருந்த சிமென்ட் பூந்தொட்டியில், முட்டைகளின் மேல் சம்மணமிட்டது போல் உட்கார்ந்திருந்த அந்தக் கனடா வாத்து அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதன் புருஷனோ படிக்கட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, யார் கால் எடுத்து வைத்தாலும் கழுத்தை நீட்டிச் சீறியது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் வசந்தம் வந்தால் வாத்தும் வரும். ஆனால் இன்றைக்குப் பத்து மணிக்கு பாங்கிலிருந்து ரென்ஸ்லர் என்பவர் வருகிறார்.

மூடிக் கிடந்த அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாற்றுவது மார்செல்லாவின் திட்டம். கிரெடிட் கார்டு பாக்கிக்காக ஜனங்களை போனில் மிரட்டும் வேலையில் வெகுகாலம் இருந்துவிட்டு, மனசு கேட்காமல் அதை உதறியவள் அவள். எளியவர்களுக்கு வீடு கட்டப் பணம் திரட்டித் தரும் ஒரு சின்ன நிதி அமைப்பில் சேர்ந்தாள். இதுவரை மற்றவர்களின் திட்டங்களுக்குத்தான் கூட்டிக் கழித்துக் கொடுத்திருந்தாள். அவள் பெயரிலேயே நடக்கும் முதல் திட்டம் இது. பாங்க் வந்து பார்த்துத் தலையசைத்தால் நாளைக்கே வேலை தொடங்கலாம். இல்லாவிட்டால் கட்டடத்தை இடித்து கார் நிறுத்துமிடம் ஆக்க ஒருவர் தயாராகக் காத்திருந்தார்.

மேலதிகாரி ரஸ்ஸுக்கு போன் போட்டாள். முட்டை மேல் மட்டும் கை வைத்துவிடாதே, அது மத்திய அரசு சட்டம், இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டிவரும் என்றார் அவர்.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வேலை நிக்கும்னு தெரிஞ்சா பாங்க் பின்வாங்கிடும் ரஸ்."

"தெரிஞ்சாத்தானே? பின்பக்கமா கூட்டிட்டுப் போ."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கதவை மறைத்துக்கொண்டு சுவர்ப் பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கட்டட மேற்பார்வையாளர் டாட், காபியை உறிஞ்சியபடி, மழை படாமல் வைக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றார். எடுத்து முடிக்க மத்தியானம் ஆகுமாம்.

குறைந்தபட்சம் கூட்டையாவது மறைத்துவிடலாம் என்று வரவேற்பு பேனரைக் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் கட்டினாள். சிரித்த முகத்தோடு நிற்கும் குடும்பங்களின் படமும், கீழே கொட்டை எழுத்தில் பாங்கின் பெயரும் அதில் இருந்தன. ஆண் வாத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒரே தாவலில் பேனரை இழுத்துச் சாய்த்தது. பெண் வாத்து நிதானமாக எழுந்து, துணியைத் தனக்கடியில் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது. இப்போது பாங்கின் பெயர் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதன்மேலும் வாத்து எச்சமிட்டுத் தன் கைவரிசையைக் காட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒருவர் இறங்கினார். கோட்டு, டை, மார்போடு அணைத்த கோப்பு.

"மார்செல்லா மேடமா? நான் வந்து..."

"பேரெல்லாம் உள்ள போய்ப் பேசிக்கலாம் சார். இப்படி வாங்க. அந்தப் பக்கம் பாக்காதீங்க, வெயில் கண்ணைக் கூசும்."

வானம் மூடிக் கிடந்தது. அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பின்னால் வந்தார். பக்கவாட்டில் நிலவறை ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. அதற்குள் மார்செல்லா முதலில் காலை விட்டாள்.

"இது வழியாவா?" என்றார் அவர்.

"இந்தக் கட்டடத்தை அடியிலேர்ந்து பாத்தாத்தான் சார் அருமை தெரியும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கோப்பை வாயில் கவ்வியபடி குட்டிக்கரணம் போடாத குறையாக உள்ளே இறங்கினார். பாங்கில் இப்படியும் மனிதர்களா என்று மார்செல்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

உள்ளே போனதும் அவளுக்குப் பேச்சு அருவி மாதிரி கொட்டியது. இந்த வகுப்பறை இரண்டு படுக்கையறை வீடாகிறது, கரும்பலகையை எடுக்காமல் சமையலறைச் சுவராகவே விடப்போகிறோம், உடற்பயிற்சிக் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் வருகிறது என்று கையை வீசி வீசிக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரே தவிர ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது அவளுக்குக் கிலியைக் கிளப்பியது. பந்தை அவர் பக்கமே உருட்டிவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க சார். இந்த மாதிரி இடத்துக்குப் பணம் கொடுக்கறவங்க முதல்ல எதைப் பாக்கணும்?"

அவர் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாடகையை நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. அப்போ செலவு ஏறினா தாங்குமான்னுதான் பாக்கணும். கீழ இருக்கற கொதிகலன் ரொம்பப் பழசு. அதை இப்பவே மாத்திட்டா, பின்னால குடி வர்றவங்க குளிர்காலத்துல நடுங்க வேண்டாம்." அவள் முகத்தைப் பார்த்தார். "சரியாச் சொன்னேனா மேடம்?"

கொதிகலனை மார்செல்லா கணக்கில் சேர்க்கவே இல்லை. மாற்றிவிடுவோம் என்று அவசரமாக வாக்குக் கொடுத்தாள். 'நம்ம இஷ்டத்துக்கு' என்று அவர் சொன்னது மட்டும் காதில் தேனாகப் பாய்ந்தது. பாங்க்காரர் வாயால் 'நம்ம' என்று வந்துவிட்டதே.

அப்போது கீழேயிருந்து சிமென்ட் தரையில் பட்பட்டென்று ஓசை கேட்டது. திறந்து விட்ட ஜன்னல் வழியாக ஆண் வாத்து உள்ளே வந்திருந்தது. மாடிப்படியில் அதன் தலை தெரிந்ததும் மார்செல்லா, "அடுத்து மேல் மாடி சார், கொஞ்சம் வேகமாப் பாப்போம்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டமெடுத்தாள். அவரும் ஓடினார். வாத்து இரண்டு பேரையும்விட வேகமாக ஓடியது.

நடைவழி முடிந்து சுவர் வந்தது. அவர் திரும்பினார். கோட்டைக் கழற்றி இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா பண்ணையில் வாத்து மேய்த்திருப்பதாகத் தணிந்த குரலில் சொல்லியபடி அதை நோக்கி நடந்தார். வாத்து பின்வாங்கியது. படிப்படியாக இறக்கி, டாட் திறந்து பிடித்த முன்கதவு வழியாக அதை வெளியே அனுப்பினார். விடைபெறும் முன் அது அவருடைய தொடையை ஒரு கவ்வு கவ்வியது. திறந்த கதவுக்கு வெளியே கூடு, முட்டை, பேனர், பாங்கின் பெயர் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மார்செல்லா படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"காலையிலேர்ந்து உங்ககிட்ட இதைத்தான் மறைச்சேன் சார். முட்டையைத் தொடக்கூடாது. வேலை நிக்கும். ஆனா இந்த வீடுகளுக்கு ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. என்ன முடிவெடுத்தாலும் என் முகத்தைப் பாத்துச் சொல்லிடுங்க."

அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே கூட்டைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார். "எதுக்கு நிக்கணும்? பின்பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. முகப்பைக் கடைசியா வச்சுக்கலாம். குஞ்சு பொரிச்ச மறுநாளே குடும்பத்தோட தண்ணியைத் தேடிப் போயிடும். அதுக்கப்புறம் வாசல் நம்மளுது."

மார்செல்லா துள்ளி எழுந்தாள். இத்தனை எளிதாகவா? டாட் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நடக்கக்கூடிய யோசனைதான் என்றார். அவளுக்கு வந்தவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்போ உங்க பதில் சரின்னு எடுத்துக்கலாமா சார்?"

"என் பதிலா?" என்று அவர் விழித்தார்.

அதற்குள் ரஸ் போனில் வந்துவிட்டார். ரென்ஸ்லரம்மாவின் விமானம் ரத்தாகிவிட்டது, அவர் நாளைக்குத்தான் வருகிறார், நீ போனை வைத்த கொஞ்ச நேரத்திலேயே மெசேஜ் அனுப்பினேனே, வாத்தைத் துரத்தும் மும்முரத்தில் நீ பார்க்கவில்லையா என்று கேட்டார்.

அம்மாவா? மார்செல்லா போனை மெதுவாகக் காதிலிருந்து எடுத்தாள். தூசியும் சிலந்திவலையுமாக, கால்சட்டை கிழிந்து நின்ற மனிதரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அப்போ சார்... நீங்க யாரு?"

அவர் சட்டைக்குள்ளிருந்து டையை வெளியே எடுத்து நேராக்கிக்கொண்டார்.

"வெர்ன் யெலினெக், மேடம். உங்க ஆபீஸ்ல அசிஸ்டென்ட் வேலைக்கு வந்தேன், நீங்க இங்க இருக்கீங்கன்னு அனுப்பிவச்சாங்க. உங்க இன்டர்வியூ கடுமையா இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்; ஆனா நிஜ வாத்தையே விட்டுக் கடிக்க வைப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."