துர்க்காவின் பந்தும் லண்டன் கொப்பியும்

மோர்னிங்சைட், ஸ்காபரோ,
ஆவணி, 1993.

தம்பி என்ற ஒருவன் இருப்பதை மறவாத அன்பு அக்கா இராஜேஸ்வரி அறிவது,

இங்கு நானும் சந்திரவதனாவும் துர்க்காவும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் உடம்பு, மனம் இரண்டாலும் நலமாயிருக்க முருகன் துணை நிற்பானாக. லண்டனில் இருந்து நீங்கள் எடுத்த ரெலிபோன் கிடைத்தது. நீங்கள் பேசியது முழுவதும் கிடைத்தது. எனக்குப் பேசத்தான் இடம் கிடைக்கவில்லை. "பதினொரு வயசுப் பிள்ளையின்ரை கைக்கு வந்த பந்தைத் தட்டிவிட நீ என்ன மனிசனடா" என்று கேட்டீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் ரிசீவரை வைத்துவிட்டீர்கள். துர்க்கா தன் பக்க நியாயத்தை மாமியான உங்களிடம் முந்திச் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பக்கத்தை இப்போது எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இத்துடன் வீடியோக் கசெற் ஒன்றும் வருகிறது. அது என் சாட்சி.

அக்கா, அவள் என்னோடு பேசாமல் விட்டு இரண்டு கிழமையாகிறது. ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். "அம்மா, சொதியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி அப்பாட்டைச் சொல்லுங்கோ" என்கிறாள். சொதி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சந்திரவதனாவும் நாங்கள் இருவரும் வேறு வேறு நாட்டில் இருப்பதைப்போல அதை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். உங்களுக்குத் தெரியும், எனக்கு இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்தால் துர்க்கா பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நான் தேத்தண்ணி குடித்து முடியும்வரை முதல்நாள் பேஸ்போல் ஆட்டத்தில் யார் அடித்தான், யார் ஓடினான், யார் அவுட் என்று வாசித்துக் காட்டுவாள். அதில் பாதி எனக்கு விளங்காது. ஆனாலும் ஒரு நாளில் நானும் அவளும் பேசிக்கொள்வது அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான். இப்போது பேப்பர் மடித்தபடி கிடக்கிறது. நேற்று நானே எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, தேத்தண்ணியும் ஆறிப்போய்விட்டது. எனக்கு இது தாங்கவில்லை அக்கா.

சம்பவத்துக்கு வருகிறேன். என் வேலைத்தலத்து மேலாளர் தன் குடும்பத்துக்கு எடுத்து வைத்திருந்த நான்கு பேஸ்போல் ரிக்கற்றுகளைப் போக முடியாமல் எனக்குத் தந்தார். ஸ்கைடோம் அரங்கில், மைதானத்துக்கு மிகக் கிட்டிய வரிசை. துர்க்கா அதைப் பார்த்ததும் சத்தமே போடாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தப் பக்கத்துக் கதிரைகளுக்குத்தான் அடிபிழைத்த பந்து வருமாம். கிரிக்கெற்றில் சனத்துக்குள் வந்த பந்தைத் திருப்பி எறிய வேண்டும் அல்லவா, இங்கே பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாமாம். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் வாங்கிய தோல் கையுறை ஒன்று அவளிடம் இருக்கிறது. தோல் பதமாக வேண்டும் என்று அதற்கு ஒவ்வொரு நாளும் நல்லெண்ணெய் பூசித் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். வீடு முழுக்கத் தோசைக்கடை மணம். "எனக்கு ஒரு பந்து வரும் அப்பா, வந்தா விடமாட்டன்" என்று போகும்போதும் வரும்போதும் சொன்னாள்.

நான்காவது ரிக்கற்றைத் தன் சிநேகிதி கௌசிக்குக் கேட்டாள். நான் அதைக் கொடுக்கவில்லை. இங்கேதான் அக்கா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் உங்கள் சித்திரைக் கடிதத்தை ஒருதரம் நினைவுபடுத்துகிறேன். "எல்லாரும் கசெற் அனுப்புகிறார்கள், கனடாவில் உங்களுக்கு ஒரு நல்லது பொல்லாதது இல்லையா" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடைக்குட்டியின் பிறந்தநாள் கசெற்றை நாங்கள் மூன்றுதரம் பார்த்தோம், வந்தவர்களையும் பிடித்து இருத்திக் காட்டினோம். எங்களிடம் அனுப்ப என்ன இருந்தது? ஆகவே இந்தப் பயணத்தை என்றைக்கும் மறக்க முடியாததாக ஆக்கிவிடுவோம் என்று முடிவெடுத்து, இங்கே கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கும் கிறிஸ்துநாயகத்தாரைப் பிடித்தேன். நான்காவது கதிரை அவருக்குப் போனது. துர்க்கா அதைக் கேட்டுவிட்டு, "இட்ஸ் எ கேம், அப்பா. வெடிங் இல்லை" என்றாள். பிள்ளை பிறகு நன்றி சொல்லும் என்று நினைத்தேன்.

கிறிஸ்துநாயகத்தார் தொழில் தெரிந்தவர், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரே ஒழுங்குதான் தெரியும். வீட்டில் சாமிப்படத்தில் இருந்து தொடங்கினார். பிறகு கதவு இலக்கம், பிறகு நாங்கள் கதவைத் திறந்து சிரித்தபடி வெளியே வருவது. "தங்கச்சி, திரும்பப் போய் ஒருக்கா வாங்கோ, சீலைக் கரை விழேல்லை" என்று சந்திரவதனாவை மூன்றுதரம் வெளியே வரப்பண்ணினார். காஞ்சிபுரமும் அட்டியலுமாக அவளும் சலிக்காமல் வந்தாள். துர்க்கா நீல ரீசேட்டும் தொப்பியுமாகக் காருக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். வாகனத் தரிப்பிடத்தில் கார் உள்ளே நுழைவதை எடுக்க வேண்டும் என்று எங்களை வெளியே போய்த் திரும்ப வரச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் அடித்த ஹோன் கசெற்றில் இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். அரங்க வாசலில் நின்றவர் தோளில் இருந்த பெரிய கமராவைப் பார்த்து எந்தச் சனல் என்று கேட்டார். கிறிஸ்துநாயகத்தார் "தமிழ்" என்றார். விட்டுவிட்டார்கள். உள்ளே போய்க் கதிரையில் இருந்தபோது ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. துர்க்கா அழவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி இருந்தாள். அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. கிறிஸ்துநாயகத்தார் அதில் முழங்காலில் ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, எங்களை எடுக்கத் தொடங்கினார். ஐம்பதினாயிரம் பேர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கம் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். துர்க்காவின் தொப்பியைக் கழற்றச் சொன்னார், முகம் விழவில்லையாம். கழற்றினாள். கையுறையைக் கழற்றச் சொன்னார். "நோ" என்றாள். அன்றைக்கு அரங்கின் கூரை திறந்திருந்தது. "அண்ணை, வெளிச்சம் கூடிப்போச்சு, கூரையை மூடச் சொல்லிக் கேக்கேலாதோ" என்று என்னிடம் கேட்டார். பின்வரிசைத் தாடிக்கார வெள்ளைக்காரர் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். சந்திரவதனா அவருக்கு இரண்டு மட்டன் ரோல்ஸ் கொடுத்தாள். அதன்பிறகு அவர் எங்கள் ஆளாகிவிட்டார். நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன். ஒரு பக்கம் பிள்ளையின் முகம், ஒரு பக்கம் கமரா, இடையிடையே பந்து மட்டையில் படும் சத்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துர்க்கா கதிரையில் இருந்து எழும்பினாள். ஒவ்வொரு தரமும் கிறிஸ்துநாயகத்தார், "பிள்ளை, ஆடாதேங்கோ" என்றார்.

இனிக் கவனமாக வாசியுங்கள். ஆட்டம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. குடும்பமாகச் சாப்பிடும் காட்சி வேண்டும் என்றார் கிறிஸ்துநாயகத்தார். நான் ரோல்ஸ் தட்டை இரண்டு கையாலும் ஏந்திச் சந்திரவதனாவுக்கு நீட்ட வேண்டும், அவள் ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும், துர்க்கா கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பந்து கிறிஸ்துநாயகத்தாரின் தலைக்கு மேலால் எங்களை நோக்கி வந்தது. அவர் பார்க்கவில்லை. சந்திரவதனா கடித்துக்கொண்டிருந்தாள். துர்க்கா, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவள் நெற்றிக்கு நேரே வந்தது. பார்த்தது நான் ஒருவன்தான். ஒரு தகப்பன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வெறுங்கையை நீட்டினேன். பந்து என் கையில் பட்டுப் பக்கவாட்டில் போய், ஒரு கையில் பியர் வைத்திருந்த மனிதரின் மற்றக் கையில் விழுந்தது. அவரைப் பெரிய திரையில் காட்டினார்கள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அந்த அமளியில் ரோல்ஸ் தட்டு எப்படிப் பறந்தது என்று எனக்குத் தெரியாது.

துர்க்கா கையுறையை விரித்துப் பார்த்தாள். அதற்குள் ஒன்றும் இல்லை. "ஐ ஹாட் இற்" என்றாள். பந்து தன் கையுறைக்குள் வரவிருந்ததாம். தாடிக்காரர் அவள் தோளில் தட்டி, அது உன்னுடைய பந்துதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அவருடைய சாட்சியை எப்படி நம்புவது, அவர் எங்கள் ரோல்ஸ் சாப்பிட்டவர். கிறிஸ்துநாயகத்தாரைக் கேட்டால், "அண்ணை, நான் தங்கச்சியின்ரை சீலைக் கரையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், பந்து வந்ததோ" என்கிறார். சந்திரவதனா எதையும் காணாமலே மகளின் பக்கம் சேர்ந்துவிட்டாள். என் வலக்கையில் இரண்டு விரல் வீங்கிவிட, தைலம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீக்கம் பொய் சொல்லுமா அக்கா? என்னுடைய கை குறுக்கே போகாவிட்டால் பிள்ளையின் நெற்றி என்னவாகியிருக்கும்?

ஆகவே கசெற்றை உங்களுக்கு அனுப்புகிறேன். லண்டன் மெசினில் ஓடக்கூடியதாகத் தனியாக எடுப்பித்த கொப்பி இது, இங்குள்ள மெசினில் ஓடாது, எங்களுக்கான கனடாக் கொப்பி இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, நடந்தது எனக்குத் தெரியும். நீங்கள் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை துர்க்கா உங்களோடு பேசும்போது, "உன்னைக் காப்பாற்றினது உன்ரை அப்பா" என்ற ஒரு வசனத்தை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். எனக்குப் பந்து வேண்டாம், நன்றியும் வேண்டாம். விடிய வரும்போது அந்தப் பேப்பர் விரித்திருந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் முழங்கால் நோ குறைந்து, வாயிலும் கோபம் குறைந்து நீடூழி வாழ இறைவனை வேண்டும்,

அன்புத் தம்பி,
அருள்நாயகம்.

பி.கு.: நேற்றுக் கடிதத்தை ஒட்டும் நேரத்தில் ஒன்று நடந்துவிட்டது. கிறிஸ்துநாயகத்தார் பெயர்த்துண்டை மாற்றி ஒட்டிவிட்டார். லண்டன் என்று எழுதியிருந்தது கனடாக் கொப்பி. நான் குளித்துவிட்டு வருவதற்குள் துர்க்கா அதை மெசினில் போட்டுவிட்டாள். நான் தட்டைத் தூக்குவது சந்தோசத்தில் என்று நினைத்து, அந்த இடத்தை மாத்திரம் மிக மெதுவாக ஓடவிட்டு, சுற்றிவரத் தாமரை இதழ் விழப்பண்ணி, கெட்டிமேளம் சேர்த்திருக்கிறார் கிறிஸ்துநாயகத்தார். துர்க்கா கமராவைப் பார்க்கவே இல்லை அக்கா. அவள் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையுறை முன்னமே உயர்ந்து, விரிந்து, சரியான இடத்தில் நிற்கிறது. பக்கத்தில் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி என்னுடைய தலையை மறைக்கிறேன். பந்து தட்டில் படுகிறது. ரோல்ஸ் ஒவ்வொன்றாக மேலே போகிறது. நான் கீழே குனிகிறேன், குனியும்போது என் விரல் முன்கதிரையில் அடிபடுகிறது. வீக்கம் அதுதான். மேளம் அதன்பிறகும் நிற்கவில்லை.

துர்க்கா படத்தை நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, கண்ணை மூடிட்டியள்" என்றாள். ஓம் என்றேன். "பயந்திட்டியளோ?" ஓம் பிள்ளை, நல்லாப் பயந்திட்டன் என்றேன். அவ்வளவுதான், சிரிக்கத் தொடங்கினாள். திரும்பச் சுற்றிப் போட்டாள். கௌசியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டாருக்கும் காட்டியாயிற்று. இன்று விடிய நான் வந்தபோது பேப்பர் விரித்திருந்தது. பின்னேரம் எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டு பந்து பிடிக்கப் பழக்கப் போகிறாளாம், ரெனிஸ் பந்தில் தொடங்குவாளாம்.

கசெற்றைத் தரமாட்டேன் என்கிறாள், ஆகவே இந்த உறைக்குள் கடிதம் மட்டும்தான் வருகிறது. திரும்ப எழுத நேரமில்லை. மேலே "என் கை" என்று வரும் இடத்திலெல்லாம் "தட்டு" என்று வாசித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லச் சொன்ன அந்த வசனத்தைச் சொல்ல வேண்டாம். சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இல்லை அக்கா, சொல்லுங்கோ.