பாசி அண்ணன் சொன்ன பாதிக் கதை

ஆக்சிஜன் ஒரு விஷம் என்று நான் நம்பியிருந்தேன். பள்ளிக்கூட வயதில் அல்ல, தலை வழுக்கையான பிறகு.

நம்பவைத்தவர் எங்கள் தொழிற்சாலை பஸ் டிரைவர் பாசி அண்ணன். மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே பூமிக்கு மூச்சு வந்த கதையைச் சொல்லிக்கொண்டு ஓடிய பஸ் அவருடையது ஒன்றுதான். மற்ற டிரைவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே முருகனை வைப்பார்கள், மாதாவை வைப்பார்கள். இவர் போத்தல் போத்தலாகக் குட்டைப் பாசி வைத்திருந்தார். வெயில் பட்டால் அதில் பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பும். ஏதோ சாமிதான் போலிருக்கிறது என்று எங்களோடு வேலைக்கு வரும் சரசு அக்கா ஒரு போத்தலுக்குத் திருநீறு பூசினார். மறுநாள் மேரி அக்கா அடுத்த போத்தலுக்கு ஜெபமாலை மாட்டினார்.

அண்ணன் இரண்டையும் எடுக்கவில்லை. "இருக்கட்டும் லா. நம்மளப் படைச்சதுல இதுக்கும் பங்கு இருக்கு."

மெர்போக்கில் ஏறினால் குருண் தொழிற்சாலை வாசல்வரை கதைதான்.

"ஆதியில காத்துல ஆக்சிஜனே கிடையாது தம்பி. இந்தப் பாசியோட பாட்டன் பூட்டன்தான் வெயிலத் தின்னுட்டு அத வெளிய விட்டான். அப்ப இருந்த உசுருங்களுக்கு அது விஷம். கொத்துக் கொத்தா செத்துச்சு."

"எல்லாமா அண்ணே?"

"தப்பிச்சது சேத்துல போய் ஒளிஞ்சிக்கிச்சு. மெர்போக் ஆத்தோரம் நாறுதே, யாருன்னு நெனச்ச? அதுங்கதான்!"

இத்தனை காலம் நான் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

"இரும்பக்கூட விடல. படிக்கட்டுல துரு பாரு. அதே ஆக்சிஜன்தான்."

பார்த்தேன். படிக்கட்டில் பாதியைக் காணோம். இரும்புக்கே இந்தக் கதி என்றால் என் நுரையீரல் எம்மாத்திரம்?

அதற்குள் வாசல் வந்துவிடும். மீதியை மாலையில் திரும்பும்போது சொல்வார். அப்போது பஸ்ஸில் விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஆகவே எங்களுக்குத் தெரிந்தது காலைக் கதை மட்டும். அதில் எல்லோரும் செத்துப்போனார்கள்.

நான் மூச்சைக் குறைத்து இழுக்கப் பழகினேன். "ஏன் இப்படி மீன் மாதிரி வாயத் தொறந்து மூடுறீங்க?" என்றாள் மனைவி. "சிக்கனம்," என்றேன்.

அந்த வருஷமும் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்தது. ஒரு காலை பஸ்ஸிலேயே எனக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். அண்ணன் ஷிப்டு ஆட்களோடு பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்.

"சூப்பர்வைசர் திட்டுவாரு அண்ணே!" என்றார் சரசு அக்கா.

"திட்டட்டும் லா. அவருக்குத்தான் மூச்சு நல்லா வருதே!"

கட்டிலில் கிடத்தி முகமூடியை மாட்டினார்கள். ஆக்சிஜன் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பிடுங்கப் பாய்ந்தேன். "வேணாம்! உள்ள துருப்பிடிச்சிரும்!"

மலாய்க்கார நர்ஸ் அண்ணனைப் பார்த்தார். நான் துருவுக்குப் பயப்படுவதாக அண்ணன் மலாயில் சொன்னார். அந்தம்மா குனிந்து கட்டிலின் காலைப் பரிசோதித்தார்.

அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். "டேய், சாயங்காலக் கதையக் கேட்டியா நீ? அந்த விஷத்தையே சோறாக்கிக்க ஒருத்தன் கத்துக்கிட்டான்டா! அவன் வம்சம்தான் நீயி, நானு, இந்த நர்ஸு எல்லாம்." முகமூடியை என் முகத்தோடு அழுத்தினார். "என் கதையக் கேட்டு நீ போயிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பஸ் ஓட்டுவேன்? இழு தம்பி."

இழுத்தேன்.

பிழைத்தேன். மறுபடி முகமூடியைப் பிடுங்கப் பாய்வேனோ என்று கையைப் பிடித்த அண்ணன், நான் தூங்கிப்போன பிறகும் விடவில்லை என்று நர்ஸ் சொன்னார்.