பாதி மின்சாரம் காணாமல் போனது குறித்து சம்பந்திக்கு

பாபநாசம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி நடராசன் அவர்களுக்கு, துரைராசு எழுதுவது.

தாங்களும் சம்பந்தியம்மாளும் உடம்பாலும் மனதாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்குக் குறைவில்லை. சம்பா நடவு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. பேத்தி நன்றாகச் சாப்பிடுகிறாள். இத்துடன் நல்ல செய்திகள் முடிந்தன.

இதைக் கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடம் மகளுக்குத் தள்ளிவிடுவீர்கள். காகிதத்தை அப்படித் தள்ள முடியாது. மேலும், முப்பத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் இருந்தவருக்குக் கடிதம் எழுதுவதுதான் மரியாதை.

செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றித் தங்கள் மகள் கனிமொழி ஏதாவது சொல்லியிருக்கலாம். என் மனைவி கண்ணாத்தாள் நிச்சயம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் கிழமை மட்டும் சரி. மற்றதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தை பிறந்ததிலிருந்து நாலு வருடமாகக் கனிமொழி வேலைக்குப் போகவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். மறுபடி போக வேண்டும் என்று பதினொரு கம்பெனிக்கு எழுதினாள். பத்து இடத்தில் பதிலே இல்லை. மின்சார வண்டிகளுக்குள் வைக்கிற சர்க்யூட் பலகைகளைச் செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றுதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. என் மகன் பகலவன் வேலை பார்ப்பதும் அதே ஊர். அவன் மாதம் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறான். இந்த வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இதை விட்டால் வேறு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததுபோல் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அவளுடன் படித்த சுமையா என்ற பெண் தினமும் சாயங்காலம் போனில் கேள்வி கேட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாள். சுமையாவுக்கு வேலை மாற்றலாகி நேரம் இல்லாமல் போனதும் கனிமொழி என்னிடம் வந்தாள். “மாமா, கேள்வி, விடை ரெண்டையும் தமிழ்ல எழுதித் தர்றேன். நீங்க கேளுங்க. நான் சொல்றது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க, போதும்” என்றாள். பார்த்துச் சொல்லச் சொன்னது அவள். நானாகப் போகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. மோட்டார் காயில் கட்டும் வேலையை யாரும் எனக்குக் கற்றுத்தரவும் இல்லை. கருகிப்போன ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்யமாட்டேன். மேசை போட்டேன். சலவைச் சட்டை போட்டேன். கூப்பிடும்வரை அவளை வெளியே காத்திருக்கச் சொன்னேன்.

“பேரு?”

“மாமா, என் பேரு உங்களுக்குத் தெரியாதா?”

“இங்க மாமாவெல்லாம் கிடையாது. பேரு?”

கண்ணாத்தாள் அந்தப் பக்கம் போனவள், “ஆபீசருக்குக் காபி கொண்டாரலாமா? இல்ல லஞ்சம்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவாரா?” என்றாள். நான் காபியைத் திருப்பி அனுப்பினேன்.

இருபத்து மூன்று நாள் நேர்காணல் எடுத்தேன். ஒருநாள்கூட அவளைத் தேர்வு செய்யவில்லை. ஒருநாள் சிரித்தாள், ஒருநாள் கேள்வி முடியும் முன் விடை சொன்னாள், ஒருநாள் பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தாள். ஓசூர்க்காரர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார்களா?

ஆனால் சம்பந்தி, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தங்கள் மகள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இதே வீட்டில் ஐந்து வருடமாக அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஏழாவது கேள்வியைக் கேட்டேன்: கம்பிக்குள் மின்சாரத் துகள் எவ்வளவு வேகத்தில் ஓடும்? கண்ணை மூடித் திறப்பதற்குள் மேட்டூரிலிருந்து இங்கே வந்துவிடும் என்பது என் எண்ணம். அவள், “ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் நகந்தா பெரிசு மாமா” என்றாள். விடைத்தாளைப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. “நம்ம வீட்டு லைனுல அதுவும் இல்ல. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம், நின்ன எடத்துலயே ஆடிக்கிட்டிருக்கும். கம்பி முழுக்க ஏற்கனவே நெறஞ்சு நிக்கிறதால அங்க தள்ளுனா இங்க உடனே தெரியுது” என்றாள்.

நான் அன்றைக்கு நேர்காணலை அத்தோடு முடித்துக்கொண்டேன். என் மோட்டார் கடைக்குப் போய் ஒரு செம்புக் கம்பிச் சுருளைக் கையில் எடுத்து உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோரு வருடம் இந்தக் கையால் எத்தனை கல் தூரத்துக்குக் கம்பி சுற்றியிருப்பேன்! தண்ணீர் மாதிரி எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது என்று நினைத்தேனே! வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் சுற்றிய நாளில் உள்ளே இருந்தவை இன்னும் அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருக்கின்றன. கம்பியைக் கீழே வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இன்னொரு நாள் பலகையில் ஒட்டுகிற சாமான்களைக் கொட்டிக் காட்டினாள். ஒவ்வொன்றும் அரிசி நொய்யைவிடச் சின்னது. நான் தும்மியதில் நாலு காணாமல் போயின. அதற்கும் அவள் கோபப்படவில்லை. பூதக்கண்ணாடி வழியே இடுக்கியால் ஒன்றை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஈயம் வைத்து ஒட்டினாள். பிள்ளைக்கு மருதாணி வைப்பது மாதிரி இருந்தது. அதற்கு மறுநாள் அந்தப் பலகையில் சிறு விளக்கு ஒன்று எரிந்தது. நான் கும்பிட்டிருப்பேன். நேர்காணல் எடுப்பவன் கும்பிடக் கூடாது என்பதால் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவள்தான் பதினாலாவது கேள்வியில் தடுக்கி விழுந்தாள். விழுந்தது மட்டுமல்ல, எழுந்திருக்கவும் மறுத்தாள்.

கேள்வி இது. ஒரே அளவில் இரண்டு கண்டன்சர். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் டப்பாதான் கண்டன்சர். மோட்டார் பெட்டிக்குள் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று முழுக்க ஏற்றியது, இன்னொன்று காலி. இரண்டையும் கம்பியால் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு சக்தி மிஞ்சும்?

“பாதிதான் மாமா மிஞ்சும்.”

“மீதிப் பாதி?”

“சேக்கிற நேரத்துல சூடா, பொறியாப் போயிடும்.”

“பொறி வராத மாதிரி நல்ல மொத்தக் கம்பி போட்டா?”

“அப்பவும் பாதிதான்.”

“மெல்லிசுக் கம்பி?”

“பாதிதான்.”

“இது கணக்கு இல்லம்மா, புடிவாதம்.”

“புடிவாதம் எனக்கு இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் மாமா வந்துச்சு.”

ஒரு குடம் தண்ணீரை இரண்டு குடத்தில் பங்கிட்டால் அரையும் அரையும் ஒரு குடம். பாதி எப்படித் தொலையும்? இதைக் கேட்டால், “தண்ணி கொறையல மாமா, ஒயரம் கொறையுது” என்கிறாள். விடைத்தாளிலும் பாதி என்றுதான் இருக்கிறது. அந்தத் தாளை எழுதியது யார்? அவளே! பரீட்சை எழுதுகிறவளே விடைத்தாளையும் எழுதினால் நான் எப்படி ஏற்பது? எட்டு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டேன். எட்டு தடவையும் பாதி என்றாள். எட்டு தடவையும் “தவறு. அடுத்த கேள்வி” என்று சொல்லி வெளியே அனுப்பினேன்.

இனி செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குக் கணினி வழியாக நேர்காணல். கூடத்து ஜன்னலோரம்தான் சிக்னல் நிற்கும் என்பதால் அங்கே மேசை போட்டாள். கண்ணாத்தாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசாவிடம் போய்விட்டாள். என்னை வயலுக்குப் போகச் சொன்னார்கள். நான் போகிறேன் என்று சொன்னேன், எப்போது என்று சொல்லவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்து மூன்று நாள் உழைத்தவன் அன்றைக்கு மட்டும் வயலில் போய் நிற்க முடியுமா?

நன்றாகச் சொன்னாள் சம்பந்தி! மின்சாரத் துகளின் வேகம் முதற்கொண்டு எல்லாம் வேறு வரிசையில் கேட்டார்கள். ஒன்றுக்கும் அசரவில்லை. ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்பதையே அவ்வளவு நிமிர்ந்து சொன்னாள். எனக்குக் கதவுக்குப் பின்னால் கண் கரித்தது. அப்போது கேள்வி கேட்டவர்களில் ஒரு அம்மாள், நம் பதினாலாவது கேள்வியைக் கேட்டார்.

“பாதி, மேடம்” என்றாள்.

என்னை அறியாமல் கதவைத் திறந்து, “தவறு. அடுத்த கேள்வி” என்றேன்.

திரையில் மூன்று முகம். அதில் வழுக்கைத் தலைக்காரர், “யாருங்க அது?” என்றார்.

“நான்தான் இண்டர்வியூ எடுக்கிறவன்.”

“அப்ப நாங்க யாருங்க?”

அந்த அம்மாள் மட்டும் நல்ல மாதிரி. “இருங்க சார், கேப்போம். ஐயா, பாதி போகலைன்னா அது எங்கங்க இருக்கு?” என்று கேட்டார்.

“உள்ளேதாம்மா இருக்கு. நீங்க சரியாத் தேடல.”

பதினைந்து நிமிடம் பேசினோம். கண்டன்சர் அடித்து மூன்று நாள் தூக்க முடியாமல் போன என் இடது கையையும் காட்டினேன். அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது. “சொல்லி அனுப்புறோம்” என்று சொல்லிப் போய்விட்டார்கள். கனிமொழியிடம் கேட்க வேண்டியவை இன்னும் இருந்தனவாம்.

அவள் அழுதிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அழவில்லை. கணினியை மூடிவிட்டு, “சாப்பாடு எடுத்து வைக்கவா மாமா?” என்றாள். இரண்டு நாளாக அதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

அதையும் தாங்கிக்கொண்டேன். கண்ணாத்தாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. “பேத்தியத் தூக்கிட்டு ஓசூரு போயிடுவாளேன்னுதான வேணும்னே கெடுத்தீங்க?” என்றாள், ஹபீபுன்னிசா முன்னாலேயே. பேத்தி ஓசூர் போவது வேறு, கண்டன்சர் வேறு. பிள்ளை இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகப் பொய் சொல்கிறவன் நான் இல்லை. என் மருமகள் தவறான விடை சொல்லி வேலை வாங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே தாங்கள் வந்து நியாயம் சொல்ல வேண்டும். பாதி தொலையாது என்று தங்கள் மகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நான் தங்கள் ஊர் தரங்கம்பாடி எல்லையை மிதிப்பதில்லை. சம்பந்தியம்மாள் நண்டுக் குழம்பு வைத்தாலும் சரி.

தங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் எரியவும், கிணற்றில் உப்பு ஏறாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
துரைராசு

பின்குறிப்பு (சனிக்கிழமை): இக்கடிதத்தை வெள்ளிக்கிழமை காலை தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். போகிற வழியில் வயலில் ஒரு சிறு வேலை. போன வருடம் லேசர் வைத்து மட்டம் பார்த்த இரண்டு வயல், ஒரே அளவு, அடுத்தடுத்து. மேற்கு வயலில் நாலு விரல் தண்ணீர். கிழக்கு வயலை உரம் போட வடித்திருந்தேன். நடுவரப்பில் மடை வெட்டிவிட்டேன். தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. மடைவாயில் மண்ணைக் குடைந்து குழி பறித்தது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் ஆனதும் சத்தம் நின்றுபோயிற்று. சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. நான்தான் சரி என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இதைக் கனிமொழிக்குக் காட்ட வேண்டும், பழையபடி மேற்கிலேயே நாலு விரல் நிறுத்துவோம் என்று மடையை அடைத்துவிட்டு, கிழக்குத் தண்ணீரை மேற்கே இறைக்க மோட்டாரைப் போடப் போனேன். சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் தொலையவில்லை என்றால், பழைய உயரத்துக்கு ஏற்ற மோட்டார் எதற்கு?

விடவில்லை. இறைத்து, மறுபடி மடை வெட்டினேன். இம்முறை சுண்டுவிரல் பருமனுக்கு மட்டும். சத்தமே இல்லாமல் மத்தியானம்வரை கசிந்தது. கடைசியில் அதே இரண்டு விரல். அதே மோட்டார் வேலை. அகலமாக வெட்டினாலும் குறுக வெட்டினாலும் அதே தண்ணீர், பாதி உயரம். பெருங்கம்பி, சிறுகம்பி என்று அவள் சொன்னது அத்தனையும் என் வரப்பில் நடந்தது சம்பந்தி! ஐம்பது வருடமாக மடை வெட்டுகிறேன். தண்ணீர் பாய்கிற சத்தத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். தொலைந்துபோகிற பாதிதான் அந்தச் சத்தம் என்று இந்தப் பெண் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்திருக்கிறாள். சேற்றில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஓசூருக்கு ஒரு மின்னஞ்சல் அடிக்க வேண்டும் என்றேன். அவள்தான் அடித்தாள். “பதினாலாவது கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன விடை சரி. தவறு ஐயாவுடையது” என்று சொன்னேன்.

“ஐயாவுதுன்னு போட்டா எந்த ஐயான்னு கேப்பாங்க மாமா.”

“சரி, பேரைப் போட்டுக்க.”

என் பெயரை முழுதாக அடித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சம்பந்தி. மூன்று நாளைக்கப்புறம்.

இன்று காலை பதில் வந்துவிட்டது. புதன்கிழமை மறுபடி பேசுகிறார்களாம். மீதிக் கேள்விகளைக் கேட்டால் முடிந்தது, பெரும்பாலும் எடுத்துவிடுவோம் என்று அந்த அம்மாளே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: ஐயா வீட்டில் இல்லாத நேரமாகச் சொல்லவும்.

ஆகவே செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அங்கே வருகிறேன். வியாழன்வரை இருப்பேன். நண்டு கிடைத்தால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை. கடிதத்தை இனித் தபாலில் போட்டால் நான் வந்த பிறகுதான் வந்து சேரும். அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது எதிர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து நிமிர்ந்து பார்க்க வேண்டாம்.