ராணிக்குப் போட்ட பந்தல்

கத்திரி வெயிலோடு மல்லுக்கட்டி ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் ஈ நைனாதான். இதை மறுப்பவர்கள் என்னிடம் நேரில் வரலாம்.

அவர் பெயர் என்னவோ இருந்தது. தொழிற்சாலையில் வெல்டர். நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர், தன் வியர்வையைத் துடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாசலில் வைத்திருந்த தேனீப் பெட்டியில் வெயில் பட்டால் போதும், மனுஷர் துடித்துப் போவார். நான் அடுத்த வீடு. எல்லாக் கூத்தும் என் கண் முன்னால்தான் நடந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கத்திரி. உள்ளே புழுக்கம் தாங்காமல் ஈக்கள் பெட்டிக்கு வெளியே கொத்தாகத் தொங்கின. ஒரு கூட்டம் வாசலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தது. நைனாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக ஓடவிட்டார். ஈக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் அவர் முகம் பூசணிக்காய்.

"என்ன நைனா, கொட்டிடுச்சா?"

"கொட்டட்டும்பா. வெந்துகினு கீதுங்க. நம்ம மேல கோச்சிக்காம வேற யார் மேல கோச்சிக்கும்?"

அடுத்து, தெருக்குழாய் வரிசையில் தன் குடத்துக்குப் பின்னால் ஒரு சொம்பையும் வைத்தார். அது யாருக்கு என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"ஈங்களுக்கு. ஊட்டாண்ட தண்ணி வெக்கலன்னா உங்க கொடத்துல வந்து குந்தும். பரவால்லியா?"

சொம்புக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. சூட்டில் முட்டை போடுவதை நிறுத்திய ராணி ஈ செத்துப்போனது. மிச்சமிருந்த புழுக்களில் ஒன்றை ஈக்கள் புது ராணியாக வளர்த்தன. அது வெளியே பறந்து, ஆண் ஈக்களோடு கூடித் திரும்பி முட்டை போட்டால்தான் கூடு பிழைக்கும். அதிகச் சூட்டில் ஆண் ஈக்களும் வீரியம் கெட்டுப்போகுமாம். நைனா சோறு இறங்காமல் அலைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்கு மேலே, வாசலை அடைத்துத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். பத்திரிகை வைக்காத வீட்டில் திடீரென்று பந்தல் முளைத்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஷிப்ட் முடிந்து வந்த நாலு பேர் மாலையோடு வந்து நின்றார்கள். அதை வாங்கிக்கொண்டவர் நைனாவே.

"ஷோக்கா கீதுபா" என்று பந்தக்காலில் மாட்டினார்.

குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர் வந்தார். திருநெல்வேலிக்காரர், ரூல் தவறாதவர்.

"ஏன்வே, கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் பந்தலுக்கு அனுமதி. பிரிச்சுப் போடும்."

"கல்யாணந்தான் சார்."

"யாருக்குவே?"

"ராணிக்கு. பொட்டிக்குள்ள கீது. மாப்ளய அதுவே பாத்துக்கும்."

அன்று மாலை நைனா வாழை மரம் கட்டினார். அவர் மனைவி தெருவுக்கே நீர்மோர் கொடுத்தார். செயலாளரும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "முட்டை போடலைன்னா பந்தலைப் பிரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. "போட்டுச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் நைனா பெட்டியிலிருந்து ஓர் அடையை உருவினார். குழிகளுக்குள் நூல் துணுக்கு போல முட்டைகள். ஈக்கள் மொய்க்க அப்படியே செயலாளர் வீட்டுக்கு நடந்தார். பாதி ஷேவிங்கில் இருந்த செயலாளர் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"பந்தல் இருக்கட்டும்வே, நீரு போயிரும்" என்ற குரல் மட்டும் வந்தது.

அன்றிலிருந்து வருஷா வருஷம் கத்திரிக்குப் பந்தல். கேட்க ஆளில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அதேபோல ஒரு கத்திரியில், நைனா தூக்கத்திலேயே போய்விட்டார். புதுப் பந்தல் தேவைப்படவில்லை. ஈக்களுக்குப் போட்டதன் கீழேதான் அவரைக் கிடத்தினோம். காரியம் முடிந்ததும் சாவுப் பந்தல் நிற்கக் கூடாதென்று யாரோ கீற்றைப் பிரிக்க ஏறினார்கள். செயலாளர் வந்து ஏணியைப் பிடித்தார்.

"இறங்கும்வே. கத்திரி முடியலைல்லா?"

"ரூல் இருக்கே சார்?"

"இருந்தா இருக்கட்டும்."

மறுநாள் காலை குழாய்க்குப் போனேன். செயலாளரின் குடத்துக்குப் பின்னால் நைனாவின் சொம்பு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குடத்தைச் சொம்புக்குப் பின்னால் வைத்தேன்.